முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலியா? ஆபரேஷனுக்கு முன் கேட்கவேண்டிய ஒரு கேள்வி!

பண்ருட்டி தோப்பில் குந்தி உட்கார்ந்து முந்திரிக்கொட்டை பொறுக்குபவருக்கும், நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓட்டப்பயிற்சி எடுக்கும் மாணவிக்கும் ஒரே இடத்தில் வலி வரலாம்: முழங்கால் சில்லுக்குப் பின்புறம். குந்தி எழும்போதும் படி இறங்கும்போதும் அது அதிகமாகும்.

சில்லின் உட்புறத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு உண்டு. அதில் ரத்தக்குழாய்கள் இல்லை. அதனால், பெயர்ந்தால் தோல் காயம்போலத் தானாக ஆறாது.

அதற்காக உடனே ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். தொடை, இடுப்புத் தசைகளை வலுவாக்கும் பிசியோதெரபிதான் முதல் சிகிச்சை. மாதக்கணக்கில் செய்தும் வலி குறையாமல், எம்.ஆர்.ஐ ஸ்கேனில் ஆழமான குழியும் தெரிந்தால்தான் ஆபரேஷன் பற்றிய பேச்சே.

எலும்பில் நுண்துளையிட்டு புதுத் திசு வளரவைப்பது ஒரு முறை. நோயாளியின் குருத்தெலும்பு செல்களை ஆய்வகத்தில் வளர்த்துக் குழியில் வைப்பது இன்னொரு முறை. ஸ்வீடன் மருத்துவர்கள் 1994-ல் இந்த இரண்டாம் முறையின் முடிவுகளை வெளியிட்டார்கள். தொடை எலும்பு முனையில் செய்துகொண்ட 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். சில்லில் செய்துகொண்ட 7 பேரில் 2 பேருக்கு மட்டுமே!

சில்லு தன் பள்ளத்தைவிட்டு விலகி ஓடினால், அடைத்த இடமும் மறுபடி தேயும். விலகலையும் சேர்த்துச் சரிசெய்யும் வழக்கம் வந்தபிறகு பலன் கூடியது.

எனவே, டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "சில்லு நேராக ஓடுகிறதா?"

முட்டி வீங்கினால், பூட்டிக்கொண்டால், சில்லு நழுவினால் தள்ளிப்போடாதீர்கள்.