தலவில மணலும் தண்ணீர்ச் செய்தியும்

ஆண்டுதோறும் மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் தலவில என்னும் ஊரின் பெயர் நமது பத்திரிகைகளிலே தவறாது இடம்பெறுவதைக் காண்கின்றோம். புத்தளம் மாவட்டத்திலே, கற்பிட்டிக் குடாநாட்டின் கடல் முகத்திலே அமைந்த இவ்வூரின் புனித அன்னம்மாள் திருத்தலத்தை நாடிப் பல்லாயிரக்கணக்கான யாத்திரிகர் வருகின்றனர். கத்தோலிக்கர் மட்டுமன்றிப் பிற சமயத்தவரும் வருகின்றனர். மரநிழலிலே கூடாரமிட்டுக் குடும்பம் குடும்பமாகத் தங்குகின்றனர். பேருந்துச் சேவை எவ்வாறு, சுகாதார வசதி எவ்வாறு, குடிநீருக்கு என்ன ஏற்பாடு என்பனவெல்லாம் அந்நாட்களிலே செய்தியாகின்றன. பின்னர் கொடி இறங்குகின்றது, தண்ணீர்ப் பவுசர்கள் திரும்பிச் செல்கின்றன, செய்தியும் நின்றுவிடுகின்றது.

மணலின் கீழே உள்ள தண்ணீரோ எங்கும் போய்விடுவதில்லை. அதையே குடித்து, அதிலே சமைத்து, அதையே பயிருக்கும் இறைத்து ஆண்டு முழுவதும் வாழும் குடும்பங்கள் அக்குடாநாட்டிலே அநேகம். அவர்களுடைய கிணற்றைப் பற்றிய செய்தியை நாம் எத்தனை முறை வாசித்திருக்கின்றோம்? இக்கேள்விக்கு விடை காணுமுன், வெவ்வேறு நாடுகளின் பத்திரிகைகள் தண்ணீரை எவ்வாறு நோக்கி வந்துள்ளன என்பதைச் சிறிது ஆராய்வோம்.

தேம்ஸ் நதியும் ஒரு கடிதமும்

தண்ணீரைப் பற்றிப் பத்திரிகையில் வெளிவந்த எழுத்துக்களுள் புகழ்பெற்றது ஒரு வாசகர் கடிதமேயாகும். எழுதியவர் மின்சார ஆராய்ச்சியால் உலகறிந்த மைக்கேல் பரடே. 1855ஆம் ஆண்டு யூலை மாதத்திலே அவர் இலண்டன் மாநகரிலே தேம்ஸ் நதியில் நீராவிப் படகொன்றிற் சென்றார். நதிநீர் முழுவதும் கலங்கிய பழுப்பு நிறமாயிருந்தது. வெள்ளை அட்டைகளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, நனைத்து, படகுத்துறை தோறும் நீரிலே போட்டார். ஓர் அங்குலம் அமிழ்வதற்கு முன்னரே அவை கண்ணுக்கு மறைந்தன. இதனை அவர் ‘தி டைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதினார். அக்கடிதத்திலே ஆத்திரமும் இல்லை, அலங்காரமும் இல்லை. ஓர் எளிய சோதனையும் அதன் முடிவுமே அதன் மையமாயிருந்தன.

ஆயினும் சட்டம் உடனே வரவில்லை. முந்திய ஆண்டிலே, 1854இல், இலண்டனின் சோஹோ வட்டாரத்தில் கொலரா நோயால் 600க்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். அப்பொழுதும் வரவில்லை. 1858ஆம் ஆண்டின் கடுங்கோடையிலே நதியின் துர்நாற்றம் கரையோரமாயிருந்த பாராளுமன்ற மண்டபத்துக்குள்ளேயே புகுந்தது. அதன் பின்னரே சில வாரங்களுக்குள் சட்டம் நிறைவேறியது. பசல்கெட் என்னும் பொறியியலாளர் புதிய கழிவுநீர்க் கால்வாய்களை அமைக்கலானார். ஏழைகளின் மரணம் செய்யாததைப் பிரபுக்களின் மூக்கு செய்தது. தண்ணீர்ச் செய்தியின் குணம் அன்றே வெளிப்பட்டது எனலாம். துன்பம் யாரைத் தொடுகின்றது என்பதைப் பொறுத்தே அது பெரிதாகவும் சிறிதாகவும் தோன்றுகின்றது.

பிளின்ட் நகரத்துத் தாய்மார்

நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் இக்குணம் மாறிவிடவில்லை. அமெரிக்காவிலே மிச்சிகன் மாநிலத்தில் பிளின்ட் என்னும் நகரம் உள்ளது. 2014ஆம் ஆண்டு ஏப்ரலிலே, செலவைக் குறைக்கும் பொருட்டு, அந்நகரத்துக்கான குடிநீர் பிளின்ட் நதியிலிருந்து எடுக்கப்பட்டது. குழாய்கள் அரிபடாமற் காக்கும் மருந்து அதிற் கலக்கப்படவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் தண்ணீரிற் கரைந்தது. நிறம் மாறிய தண்ணீரைப் போத்தல்களில் ஏந்தித் தாய்மார் கூட்டந்தோறும் சென்று முறையிட்டனர். “தண்ணீர் பாதுகாப்பானதே” என்று அதிகாரிகள் கூறிக்கொண்டிருந்தனர்.

அங்கே உள்ளூர்ச் செய்தியாளர் சிலர் இம்முறைப்பாடுகளை விடாது பின்தொடர்ந்தனர். 2015 செப்டெம்பரிலே மோனா ஹன்னா அட்டிஷா என்னும் குழந்தை வைத்தியர், நகரத்துக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை எடுத்துக்காட்டினார். முதலில் அதிகாரிகள் அவருடைய கணக்கை மறுத்தனர். டெட்ரொயிட் நகரப் பத்திரிகையொன்று அரசாங்கத்தின் புள்ளிகளைத் தானே எடுத்து ஆராய்ந்து, வைத்தியர் கூறியதே சரியென வெளியிட்டது. ஒக்டோபரிலே பழைய நீர் மீண்டும் வந்தது. நாடு முழுவதற்கும் இது தலைப்புச் செய்தியானதோ 2016 சனவரியிலேதான். ஏறக்குறைய 18 மாதங்கள் குழந்தைகள் அந்நீரைப் பருகிய பின்னரே பெரும் பத்திரிகைகளின் கண் திறந்தது.

தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரத்திலே வேறொரு காட்சி. 2018ஆம் ஆண்டு, குழாய்கள் வரண்டுபோகும் நாளுக்குப் ‘பூச்சிய நாள்’ எனப் பெயரிட்டு, அந்நாள் எப்பொழுது வருமென்று பத்திரிகைகள் எண்ணி எண்ணி எழுதின. அணைகளின் நீர்மட்டம் வீடுதோறும் பேச்சாயிற்று. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 லீற்றர் என வரம்பு விதிக்கப்பட்டது. மக்கள் சிக்கனம் காத்தனர், மழையும் வந்தது, அந்நாள் வரவேயில்லை. செய்தி ஒரு நகரத்தின் வழக்கத்தையே மாற்றக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆயினும் சேரிகளிலே பல குடும்பங்கள் ஒரே குழாயைப் பங்கிட்டு வாழ்ந்து வந்தன. அவர்களுக்குப் பல ஆண்டுகளாகவே ஒவ்வொரு நாளும் அத்தகைய நாளாயிருந்ததை அந்த எண்ணிக்கை காட்டவில்லை.

ஒரே தீர்ப்பு, இருவகைத் தலைப்பு

தமிழகத்தை நோக்குவோமாயின், காவிரி வழக்கிலே மற்றொரு பாடம் உண்டு. 2018 பெப்ரவரி 16ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பை வழங்கியது. தமிழகத்தின் பங்கு 192 ஆயிரம் மில்லியன் கன அடியிலிருந்து 177.25 ஆகக் குறைந்தது; கர்நாடகத்தின் பங்கு அதே 14.75 அளவாற் கூடியது. ஒரு கரையில் வெற்றி, மறு கரையில் இழப்பு என்று தலைப்பிடுவது எளிது. ஆனால் அந்த 14.75இல் 10, தமிழகத்து நிலக்கீழ் நீரைக் கணக்கிற்கொண்டு குறைக்கப்பட்டது, எஞ்சிய 4.75 பெங்களூரு நகரத்தின் குடிநீருக்கென ஒதுக்கப்பட்டது. மண்ணுக்குள் இருக்கும் நீரையும் நீதிமன்றம் எண்ணியது என்பதே ஆழ்ந்து சிந்திக்கத்தக்க செய்தி. வெற்றி தோல்வி ஆரவாரத்திலே அது எத்தனை வாசகர் மனத்திற் பதிந்திருக்கும்?

எனினும் தமிழகத்துத் தினசரிகளிடம் பாராட்டத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை அவை இடைவிடாது வெளியிடுகின்றன. அணையின் முழு மட்டம் 120 அடி என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். இன்றைய மட்டத்தை அறிந்தே தஞ்சை உழவன் நாற்றுவிடும் நாளை எண்ணுகின்றான். கலவரமும் கூக்குரலும் இல்லாத இந்த ஒற்றை வரியும் பத்திரிகைத் தொண்டேயாகும்.

நமது நாட்டிலே

நமது நாட்டு அனுபவம் யாது? கம்பஹா மாவட்டத்து வெலிவேரியவிலே, தொழிற்சாலையொன்றினால் தமது கிணற்றுநீர் அமிலத்தன்மை அடைந்துவிட்டதெனக் கூறி மக்கள் போராடினர். 2013 ஆகஸ்ட் 1ஆம் நாள் இராணுவத்தினரின் துப்பாக்கிப் பிரயோகத்தில் மூவர் உயிரிழந்தனர். மாணவரும் அவர்களுள் அடங்குவர். அன்று முதல் உலகப் பத்திரிகைகளெல்லாம் அவ்வூரைப் பற்றி எழுதின. எழுதப்பட்டது பெரும்பாலும் துப்பாக்கியைப் பற்றியே. கிணறு பின்னணிக்குச் சென்றது. உயிர்ப்பலி நேர்ந்தவிடத்து அவ்வாறு நிகழ்வது இயல்பே. ஆயினும் சுடப்படுவதற்கு முன்னரே அம்மக்களின் கிணறு முதற்பக்கத்துக்கு வந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலே மின்நிலையச் சூழலிலிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி 2014, 2015ஆம் ஆண்டுகளிலே தமிழ்ப் பத்திரிகைகளை நிறைத்தது. நிபுணர்களின் கூற்றுக்கள் ஒன்றோடொன்று முரண்பட்டன. எதை நம்புவதென்று தெரியாது மக்கள் தவித்தனர். சுற்றாடல் ஆர்வலரான ரவீந்திர குணவர்தன காரியவசம் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். 2019 ஏப்ரலிலே, மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. தமிழ் மக்களின் கிணறுகளுக்காகச் சிங்கள அன்பர் ஒருவர் வழக்காடினார் என்பது மறக்கற்பாலதன்று. தண்ணீருக்கு மொழி இல்லை. அதனைப் பற்றிய செய்திக்கும் இருத்தலாகாது.

மணலுக்குள் மிதக்கும் நன்னீர்

இனி மீண்டும் கற்பிட்டிக்கு வருவோம். ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு. நடுவே மணல். ஆறு ஒன்றேனும் இல்லை. மழைநீர் மணலூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல் மிதந்து நிற்கின்றது. உவர்நீரினும் நன்னீர் இலேசானது என்பதே இதற்குக் காரணம். கடல் மட்டத்துக்குமேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானக் கணக்கு. இதனைத் திருப்பிப் பார்த்தாற் பயங்கரம் விளங்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், கீழிருந்து உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழக்கூடும்.

அம்மணலிலே மிளகாயும் வெங்காயமும் மரக்கறியும் செழித்து விளைகின்றன. நாட்டின் சந்தைகளுக்கு அவை செல்கின்றன. ஆனால் மணல் உரத்தைப் பிடித்து வைப்பதில்லை. இறைக்கும் நீரோடு உரத்தின் ஒரு பங்கு நைத்திரேற்றாகக் கீழிறங்கிக் கிணற்றையே சேர்கின்றது. கற்பிட்டியிலே பயிர்ச்செய்கை மிகுந்த இடங்களின் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆராய்ச்சியாளர் 1980களிலேயே கண்டனர். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனைக் கடந்த கிணறுகள் அங்கே இருந்தன.

இந்த நைத்திரேற்றுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவையும் இல்லை. சுன்னாகத்து எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது; தேம்ஸ் நதி மூக்குக்குத் தெரிந்தது; இதுவோ எப்புலனுக்கும் எட்டுவதில்லை. வளர்ந்தோருக்கு உடனே தீங்கு தோன்றாது. ஆறு மாதத்துக்குட்பட்ட பாலகருக்கு அந்நீரிலே பால்மாவைக் கரைத்துக் கொடுப்போமாயின், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலநிறம் அடையலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வைத்தியர் கொம்லி 1945ஆம் ஆண்டிலேயே இதனைக் கிணற்றுநீரோடு தொடர்புபடுத்தி எழுதினார்.

இல்லத்தரசிகள் குறிப்பாக அறியவேண்டியது ஒன்றுண்டு. தண்ணீரைக் கொதிக்கவைத்தல் கிருமிகளைக் கொல்லும், நைத்திரேற்றைப் போக்காது. நீர் ஆவியாகச் செல்லச் செல்ல அதன் செறிவு கூடவே செய்யும். துணியால் வடித்தலும் பயன்தராது. ஆகவே தோட்டத்துக்கு அருகேயுள்ள கிணற்றைப் பரிசோதிப்பித்தலும், பாலகருக்குத் தாய்ப்பாலையே ஊட்டுதலும் சாலச் சிறந்தவை.

உழவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எமது நோக்கமன்று. அவர்களும் அதே கிணற்றிலேதான் குடிக்கின்றனர். 2021ஆம் ஆண்டிலே இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டின் இறுதிக்குள்ளேயே அத்தடை கைவிடப்பட்டது. உரம் வேண்டுமா, வேண்டாவா என்ற பெருவாதம் நாடெங்கும் எழுந்தது. எவ்வளவு இடுவது, எப்பொழுது இடுவது, கிணற்றுக்கு எவ்வளவு தூரத்தில் இடுவது என்பவையே கற்பிட்டி உழவருக்கு வேண்டிய கேள்விகள். பெருவாதத்தின் இரைச்சலிலே சிறு கேள்விகள் கேட்பாரற்றுப் போயின.

செய்யத்தக்கது யாது?

எரியும் கப்பலையும் உடைந்த அணையையும் படம்பிடிக்கலாம். மெல்ல மெல்லக் கெடும் கிணற்றைப் படம்பிடித்தல் இயலாது. ஆகையால் அதனை எண்ணாலேதான் காட்டவேண்டும். மேட்டூர் மட்டத்தை நாள்தோறும் வெளியிடுவதுபோல, கற்பிட்டி, யாழ்ப்பாணம், மன்னார் முதலிய இடங்களின் குறித்த சில கிணறுகளின் உப்பையும் நைத்திரேற்றையும் மாதம் ஒருமுறையேனும் பத்திரிகைகள் வெளியிடலாகாதா? நீர்வளச் சபையும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் பல்கலைக்கழகங்களும் மனம் வைத்தால் இது அரியதொன்றன்று. மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் ஒரே எண் வருமாயின் வீண் வதந்திக்கும் இடமிராது. வீண் சமாதானத்துக்கும் இடமிராது.

மாணவர்களும் இத்தொண்டிலே பங்குகொள்ளலாம். தண்ணீரைப் பற்றிய செய்தி எதனை வாசித்தாலும் ஐந்து வினாக்களை எழுப்புங்கள். அளந்தவர் யார்? எப்பொழுது அளந்தார்? எத்தனை கிணறுகளை அளந்தார்? நியமிக்கப்பட்ட எல்லை எவ்வளவு? செய்தி வெளிவந்தபின் என்ன செய்யப்பட்டது? முதல் நான்குக்கும் விடையில்லாத செய்தி அரைச் செய்தியே. ஐந்தாவதற்கு விடை வேண்டுமாயின் செய்தியாளர் அவ்வூருக்கு மீண்டும் ஒருமுறை செல்லவேண்டும். அவர் செல்லவில்லையெனின், ஏன் செல்லவில்லையென்று பத்திரிகாசிரியருக்கு எழுதிக் கேட்கும் உரிமை வாசகருக்கு உண்டு. பரடே எழுதியதும் ஒரு வாசகர் கடிதமே என்பதை மறவாதிருப்போமாக.