புலியைத் தீட்டியவனின் கூலி

சினிமாவைப் பற்றி நம் இதழில் எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் பெரியவர்களுக்கு முதற்கண் என் ஸலாம். படம் பார்ப்பது தகுமா, தகாதா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. என் வழக்கு கூலியைப் பற்றியது. கூலி வழக்கில் வாய்மூடியிருக்க ஒரு முஸ்லிமுக்கு உரிமையில்லை.

கண்ணை மயக்கும் திரைக்காட்சிகளுள் தலையாயவை எவையெனக் கேட்டால், 2012-ல் வெளிவந்த 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியைப் பலரும் குறிப்பிடுவர். புதுச்சேரியில் வளர்ந்த பையன் ஒருவன் நடுக்கடலில், ஒரே படகில், வங்கப் புலியோடு தனித்துவிடப்படும் கதை அது. அந்தக் கடல், தைவானின் தாய்ச்சுங் நகரில் பழைய விமான நிலையமொன்றில் கட்டிய நீர்த்தொட்டி. புலியோ, சில காட்சிகள் நீங்கலாக, கணிப்பொறியில் உருவானது.

“எல்லாம் கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது” என்கிறோமே, அநீதியின் வேர் அங்கேதான் இருக்கிறது. கணிப்பொறி தானாக ஒரு மயிரையும் வரைவதில்லை. எலும்பின்மேல் தசையும், தசையின்மேல் தோலும், நனைந்த மயிரும் எவ்வாறு அசையுமென்று உயிருள்ள புலிகளைப் பார்த்துப் பார்த்து மாதக்கணக்கில் உழைத்தவர்கள் மனிதர்கள். லாஸ் ஏஞ்சல்ஸ்காரரும் அவருள் உண்டு. மும்பை, ஹைதராபாத் கிளைகளில் இருந்த நம் நாட்டவரும் உண்டு.

அவர்கள் கண்ட பலன் யாது? படம் உலகெங்கும் 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. புலியை உருவாக்கிய 'ரிதம் அண்ட் ஹியூஸ்' நிறுவனமோ 2013 பிப்ரவரியில் திவாலாகி, இருநூறுக்கு மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பிற்று. அதே மாதம் 24-ஆம் நாள் அப்புலிக்கு ஆஸ்கார் விருது! விருது பெற்ற பில் வெஸ்டன்ஹாஃபர் தம் நிறுவனத்தின் அவலத்தைச் சொல்லத் தொடங்கியதும், 'ஜாஸ்' படத்துச் சுறாமீன் இசையை எழுப்பி, ஒலிவாங்கியை அடைத்துவிட்டார்கள். வெளியே, அத்தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் பதாகை ஏந்தி நின்றார்கள்.

“திறமையற்ற கம்பெனி விழத்தான் செய்யும்” என்பார் சிலர். திறமையற்றதா? 'பேப்', 'தி கோல்டன் காம்பஸ்' படங்களுக்காக முன்னரே ஆஸ்கார் பெற்ற நிறுவனம் அது! நோய் ஒப்பந்தத்தில் இருக்கிறது. வேலைக்கு இன்ன விலையென்று முன்னதாகவே பேசி முடிப்பர். பின்னர் இயக்குநர் பத்துமுறை திருத்தச் சொன்னாலும், படம் தள்ளிப்போனாலும், செலவு பெரும்பாலும் செய்தவன் தலையில்தான் விடியும். வசூலில் அவனுக்குப் பங்கில்லை. சுவரைப் பத்துமுறை இடித்துக் கட்டச் சொல்லிவிட்டு ஒரு சுவருக்கு மட்டும் கூலி தந்தால், நம்மூர்க் கொத்தனார் ஒப்புவாரா?

“கையெழுத்திட்டானே” என்பீர்கள். வேறு போக்கிடம் அற்றவனின் சம்மதம் ஒரு சம்மதமா? வரிச்சலுகை தரும் நாட்டை நோக்கி வேலை ஓட, அவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறான்.

இது பழங்கதையன்று. அதே படத்தில் கப்பல் மூழ்கும் காட்சியை ஆக்கிய 'எம்.பி.சி.'யும், அதன் தாய்நிறுவனமான டெக்னிகலரும் 2025 பிப்ரவரியில் சரிந்தன. பெங்களூரில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். நம் வீட்டுப் பிள்ளைகளும் நாடும் தொழிலன்றோ இது!

வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் இறைவனே வழக்காடுவான் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அந்த எச்சரிக்கை வயலுக்கும் கடைக்கும் மட்டுமா? கணிப்பொறி மேசைக்கும் உரியதே. 2023-ல் மார்வெல் நிறுவனத்தின் காட்சி வித்தையாளர்கள் ஒருமனதாகத் தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தார்கள். காலந்தாழ்ந்ததாயினும் நேரிய வழி அது.

பெற்றோரே, இத்தொழிலுக்குப் பிள்ளையை அனுப்புமுன் சம்பளத்தை மட்டும் கேளாதீர். திருத்த வேலைக்கும் இரவு வேலைக்கும் யார் கூலி தருவார் என்றும் கேளுங்கள். திரையில் புலி பாயும்போது, “கம்ப்யூட்டர் செய்தது” என்று சிறுவர் சொன்னால், “இல்லை கண்ணே, கூலி வரவேண்டிய மனிதர்கள் செய்தது” என்று திருத்துங்கள்.