கணினி வந்தது, கல்வி வந்ததா?



உங்கள் பிள்ளை படிக்கும் தமிழ்ப்பள்ளியில் கணினி அறை இருக்கிறதா? "இருக்கிறது" என்று பலர் சொல்வீர்கள். சரி, அந்த அறைக்குள் உங்கள் பிள்ளை கடைசியாக எப்போது போனான்? இதற்குப் பதில் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

கோலா குபு பாருவில் 2024 மே 11ஆம் தேதி சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தது. வாக்காளர்களில் இந்தியர்கள் சுமார் 18 விழுக்காடு. தலைவர்கள் வரிசையாக வந்தார்கள். புக்கிட் தாகார், நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்களின் வீட்டுப் பிரச்சினை நாடெங்கும் பேசப்பட்டது. பேச வேண்டிய பிரச்சினைதான். ஆனால் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளின் வகுப்பறையைப் பற்றி நாம் எவ்வளவு கேட்டோம்? பள்ளிக்குக் கணினி கொடுத்தால் கைதட்டுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்பதில்லை. நம் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள். 1999 முதல் 2002 வரை 88 பள்ளிகளில் 'பெஸ்தாரி பள்ளி' என்ற அறிவார்ந்த பள்ளித் திட்டத்தை அரசாங்கம் சோதித்துப் பார்த்தது. மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய நான்கு பாடங்களுக்குக் கணினிப் பாடங்கள் தயாரானார்கள் அந்தக் காலத்தில். அந்த நான்கில் தமிழ் இல்லை.

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் படவீழ்த்தியும் கொடுத்தார்கள். தமிழ்ப்பள்ளிக்குள் பெட்டி வந்தது, அதே வாசல் வழியாக இரண்டு பாடங்களில் தமிழ் வெளியே போனது. 2009இல் அந்தக் கொள்கையைக் கைவிட முடிவு செய்தார்கள். மொழி திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் ஆங்கிலப் பாட வட்டுகளோடு எத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன!

பிறகு வந்தது 'ஒன் பெஸ்தாரிநெட்'. 2011இல் தொடங்கிய இத்திட்டம் சுமார் 10,000 பள்ளிகளுக்கு இணையமும் இணைய வகுப்பறையும் தரும் என்றார்கள். தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? அந்த இணைய வகுப்பறையை ஆசிரியர், மாணவர், பெற்றோர் பயன்படுத்திய அளவு 5 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை! 2019இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. 'பெஸ்தாரி' என்றால் அறிவுக்கூர்மை. நம் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறினால் போதுமா?

2020 மார்ச்சில் கோவிட் வந்து பள்ளிகள் மூடப்பட்டபோதுதான் உண்மை வெளிச்சத்துக்கு வந்தது. கல்வி அமைச்சு அப்போது எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காடு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை. நானறிந்த ஒரு தோட்டக் குடும்பத்தில் மூன்று பிள்ளைகள், ஒரே கைப்பேசி. அதையும் அப்பா காலையில் செம்பனைக் குலை வெட்டப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் மாலையில் திரும்பிய பிறகுதான் மூவருக்கும் பள்ளிக்கூடம். அதிலும் லைன் கிடைக்க வீட்டை விட்டுச் சாலையோரம் வரை நடக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று யார் சொல்ல முடியும்?

"கணினி இல்லாமல் நாங்கள் படிக்கவில்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். படித்தோம். ஆனால் இன்று பல்கலைக்கழக விண்ணப்பம் இணையத்தில், அரசு உதவித்தொகை விண்ணப்பம் இணையத்தில், வேலைக்கு மனு செய்வதும் இணையத்தில். ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் தோட்டப் பிள்ளை, பட்டணத்துப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரும்போது விசைப்பலகையைப் பார்த்துத் தயங்கக் கூடாது. முதல் நாளே கூனிக் குறுகினால் அந்தக் கூச்சம் எளிதில் போகாது.

அதற்காகக் கருவிதான் எல்லாம் என்றும் நான் சொல்லவில்லை. ஆசிரியருக்குத் துணையாகத்தான் தொழில்நுட்பம் இருக்க வேண்டும், ஆசிரியருக்குப் பதிலாக அல்ல என்று யுனெஸ்கோவே 2023இல் எச்சரித்தது. ஆசிரியர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. பாடமும் நடத்தி, பழுதான கணினியையும் அவரே பார்க்க வேண்டுமென்றால் அவர் என்ன செய்வார்?

"தமிழில் கணினிப் பாடம் செய்வது கடினம்" என்ற சாக்கும் வேண்டாம். முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுத் தமிழர். 2001இலும் 2013இலும் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. ஆற்றல் நம்மிடம் இருக்கிறது. கேட்கும் குரல்தான் இல்லை.

ஆகவே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இவற்றைக் கேளுங்கள்:

1. எத்தனை கணினி கொடுத்தார்கள் என்பது இருக்கட்டும், இன்று எத்தனை வேலை செய்கின்றன?
2. என் பிள்ளை வாரத்தில் எத்தனை மணி நேரம் அதைத் தொடுகிறான்?
3. பழுதானால் யார் பார்ப்பார்? அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது?
4. தமிழில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொடுக்கிறார்களா?
5. கைப்பேசி வழி வீட்டுப்பாடம் கொடுத்தால், கைப்பேசி இல்லாத பிள்ளைக்கு அச்சிட்ட தாள் உண்டா?

பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால்தான் மாவட்டக் கல்வி அலுவலகத்திலும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொண்டுபோய்க் காட்ட முடியும். கூட்டம் நடக்கும் நாளில் வேலை இருக்கும், களைப்பு இருக்கும், எனக்குத் தெரியும். இரண்டு பேராவது சேர்ந்து போங்கள். ஒருவர் கேட்டால் அதிகப்பிரசங்கி என்பார்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம் தாத்தாக்கள் பால்மரம் வெட்டிய காசில் சேர்த்துத் தோட்டப் பள்ளிகளுக்குக் கூரை போட்டார்கள். அந்தக் கூரைக்குக் கீழே பூட்டிய ஓர் அறையும் தூசி படிந்த பெட்டிகளும் நம் பிள்ளைகளுக்குப் போதுமா? நாம் கேட்பது அன்பளிப்பு அல்ல, நம் பிள்ளைகளின் உரிமை.

சிந்திப்போம். கேட்போம். அந்த அறையைத் திறக்க வைப்போம்!