ஆசிரியர் சான்றிதழுக்கு மட்டும் எல்லைச் சுவரா?

ஒரே வரி, ஒரே குடும்ப அட்டை, ஒரே தேர்தல் என்று ஓயாது முழங்குகிறது மோடி அரசு. ஆனால் ஒரு மாநிலத்தில் ஆசிரியர் தகுதித் தேர்வில் வென்ற பெண், திருமணமாகி அடுத்த மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தால், அவருடைய சான்றிதழ் அங்கு ஏற்கப்படும் என்ற உறுதி இல்லை. மூலதனம் தடையின்றி எல்லை தாண்டுகிறது. உழைப்பாளியின் தகுதியோ சோதனைச் சாவடியில் நிறுத்தப்படுகிறது.

தகுதித் தேர்வைக் கொண்டுவந்தது யார்? கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி, தேசிய ஆசிரியர் கல்விக் கழகம் 2010இல் அதனைக் கட்டாயமாக்கியது. 2011இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 150 வினாக்கள், 60 விழுக்காட்டுத் தேர்ச்சி என்பது நாடு முழுமைக்கும் பொதுவான சட்டகம். எனினும் பிற மாநிலச் சான்றிதழை ஒரு மாநிலத்தின் பள்ளிகள் கருத்தில் கொள்ள‘லாம்’ என்று மட்டுமே அந்நெறிகள் கூறுகின்றன. கொள்ள ‘வேண்டும்’ என்று கூறவில்லை. அந்த ஒற்றை ‘லாம்’ ஆயிரக்கணக்கானோரின் வாழ்வை அதிகாரிகளின் விருப்பத்திற்கு விட்டுவிட்டது. சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும் என 2021இல் அறிவித்தார்கள். காலத்தின் எல்லை நீங்கிற்று. நிலத்தின் எல்லை நீங்கவில்லை.

பணியிலுள்ள ஆசிரியர்களும், ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பின், இரண்டாண்டுக்குள் இத்தேர்வில் வென்றாக வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்ச்சி இல்லையேல் வேலை இல்லை. தேர்ச்சி இருந்தும் எல்லைக்கு அப்பால் மதிப்பில்லை! இது என்ன நியாயம்?

இந்தச் சுமை முதலில் விழுவது பெண்கள் மீது. நம் நாட்டில் பெண்கள் இடம்பெயர்வதற்கு முதன்மைக் காரணம் திருமணமே என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பே காட்டுகிறது. தலித், பழங்குடி ஆசிரியர்களுக்கோ இரட்டைச் சுமை. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் வேறொரு மாநிலத்தின் அரசுப் பணியில் இடஒதுக்கீடு கோர முடியாது என்பதை 2018இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. தீண்டாமை எல்லையில் நின்றுவிடுவதில்லை. அதற்கு எதிரான பாதுகாப்பு மட்டும் நின்றுவிடுகிறது.

“வெளியார் வந்தால் உள்ளூர் இளைஞரின் வேலை பறிபோகும்” என்பார்கள். பீகாரில் 2023இல் நீக்கப்பட்ட இருப்பிட நிபந்தனையை, 2025 தேர்தலுக்கு முன் முன்னுரிமை என்ற பெயரில் மீட்டெடுத்தார் நிதிஷ்குமார். வேலையைப் பறிப்பவர் அண்டை மாநில ஆசிரியரா? காலியிடங்களை நிரப்பாமல், ஒப்பந்த முறையில் அற்ப ஊதியத்திற்கு ஆள் பிடிக்கும் அரசுகள் அல்லவா? உழைப்பாளியை உழைப்பாளிக்கு எதிராக நிறுத்துவது ஆளும் வர்க்கத்தின் பழைய தந்திரம்.

குழந்தை தன் தாய்மொழியில் கற்க வேண்டும். ஆகவே ஆசிரியருக்கு அம்மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது நியாயம். அதற்கு மொழித்தாள் ஒன்று போதும். முழுத் தேர்வையும் மீண்டும் எழுத வைப்பது கொடுமை.

அதே வேளையில், இதனைச் சாக்கிட்டு அனைத்தையும் தில்லியின் ஒற்றைத் தேர்வுக்குள் அடைக்க முயல்வதையும் நாம் ஏற்க இயலாது. 1976இல் கல்வி பொதுப்பட்டியலுக்குச் சென்றதன் விளைவுகளை நாடு இன்றும் அனுபவிக்கிறது. தீர்வு மையப்படுத்தல் அன்று. மாநிலங்கள் ஒன்றையொன்று மதித்துச் சான்றிதழ்களைப் பரஸ்பரம் ஏற்பதே.

பிற மாநிலத் தேர்ச்சியை ஏற்பது கட்டாயமாகட்டும். முந்தைய பணிக்காலம் கணக்கில் சேரட்டும். காலியிடங்கள் நிரந்தர நியமனத்தால் நிரப்பப்படட்டும். இக்கோரிக்கைகளை ஆசிரியர், மாணவர், வாலிபர், மாதர் அரங்குகள் அனைத்திலும் எடுத்துச் செல்வது நம் கடமை, தோழர்களே!