தையல் பிரிஞ்சா யார் காசு?

தாம்பரம் சானடோரியம் பக்கம் போய் வருகிறவர்களுக்கு மெப்ஸ் தெரியாமல் இருக்காது. 1984-ல் ஏற்றுமதி மண்டலமாக ஆரம்பித்து, 2003-ல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக மாறிய இடம். உள்ளே ஐ.டி. கம்பெனிகள் மட்டும்தான் என்று நம் வகுப்பிலேயே பலர் நினைக்கிறார்கள். ஏற்றுமதிக்கு ஆடை தைக்கும் யூனிட்டுகளும் அங்கே உண்டு மக்களே!

சட்டையில் தையல் பிரிந்தால் உடனே டெய்லரைத்தான் திட்டுகிறோம். என்னைக் கேட்டால், பெரும்பாலும் தப்பு அவர் கையில் இல்லை.

டீ-ஷர்ட் துணிக்கு முனை உருண்ட ஊசி போடணும். அது இழைகளை விலக்கிக்கொண்டு இறங்கும். கூர் ஊசி இழையை அறுத்துவிடும். தைத்த அன்றைக்குத் தெரியாது, நாலு தடவை துவைத்ததும் தையல் ஓரத்தில் ஓட்டை விழும். நூல் டென்ஷன் அதிகமானால் தையல் சுருங்கும், இழுத்தால் அறுந்துவிடும். குறைந்தால் தொளதொள. ஊசி மழுங்கினால் நடுவில் தையல் விட்டுப்போகும். இதையெல்லாம் சரிபார்க்க மிஷினை அஞ்சு நிமிஷம் நிறுத்தணும். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் வைத்துவிட்டு, நிறுத்தவே விடாவிட்டால் டெய்லர் என்னதான் செய்வார்?

"கடைசியில் செக்கிங் இருக்கே?" என்பீர்கள். இருக்கு. 500 பீஸ் லாட்டுக்கு, ஏ.கியூ.எல். 2.5 கணக்குப்படி வழக்கமாக 50 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். 3 பழுது வரை பாஸ், 4 என்றால் மொத்த லாட்டும் ஃபெயில். செக்கிங் பழுதைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். தையலை நல்லதாக்காது.

நாம் காஸ்ட் அக்கவுண்டிங்கில் மனப்பாடம் செய்வோமே, தரச் செலவு நாலு வகை என்று? ஊசியும் பராமரிப்பும் தடுப்புச் செலவு. செக்கிங் பரிசோதனைச் செலவு. ஆல்டர் பார்ப்பது உள்ளே வரும் நஷ்டம். பையர் பணம் பிடிப்பது வெளியே வரும் நஷ்டம். முதல் வகையில் கஞ்சத்தனம் பண்ணுகிறவர் கடைசி வகையில் மொத்தமாகக் கட்டுகிறார்.

ஆனால் ஆல்டர் நேரத்தைக் கூலி இல்லாமல் டெய்லர் தலையில் கட்டிவிட்டால், அந்த நஷ்டம் கணக்கிலேயே வராது. தமிழகத் தையல் தொழிலாளர்களின் குறைந்தபட்சக் கூலி 2004-க்குப் பிறகு 2014-ல்தான் திருத்தப்பட்டது. அதையும் எதிர்த்து முதலாளிகள் வழக்குப் போட, 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் கூலி உயர்வை உறுதி செய்தது. அந்தக் கூலியில் இருப்பவர் தலையிலா இந்தச் செலவும்?

நான் சொல்வது ரொம்ப சிம்பிள். மிஷின் பார்க்கும் நேரத்தை டார்கெட்டில் கழியுங்கள். ஆல்டர் நேரத்துக்குக் கூலி கொடுத்து, தனி வரியாகக் கணக்கில் எழுதுங்கள். அந்த வரியைப் பார்த்த மாதமே, நல்ல ஊசி வாங்க முதலாளிக்குத் தானாக மனசு வரும் :-)