கவலையா, கழுத்துச் சுரப்பியா?

"நெஞ்சு படபடக்கிறது. கை நடுங்குகிறது. இராத்திரி தூக்கமே இல்லை."

மதுரை விளாங்குடியிலே இப்படிச் சொல்லாத தெரு உண்டா? கேட்கிற வீட்டார் என்ன சொல்கிறார்கள்?

"எல்லாம் மனக்கவலை. வேறொன்றும் இல்லை."

கவலையாக இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம்.

நமது கழுத்தின் முன்பக்கத்தில் பட்டாம்பூச்சி போல ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் தைராய்டு. உடம்பு எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவு போடுவது அதுதான்.

அது அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை. குறைவாகச் சுரந்தால் அசதி, மறதி, மனச்சோர்வு, உடல் பருமன்.

இரண்டுமே பார்ப்பதற்கு மனக்கவலை போலத்தான் இருக்கும்!

கவலையே இந்த நோயைக் கொண்டுவருமா? பெரும் அச்சத்துக்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு இந்த நோய் வந்ததை இங்கிலாந்து டாக்டர் பாரி எழுதி வைத்தார். 1825-ல் அது வெளிவந்தது. அதிர்ச்சி இந்த நோயைத் தூண்டக்கூடும். ஆனால், அது மட்டுமே காரணம் அல்ல.

இந்தச் சுரப்பிக்கு வேண்டிய மூலப்பொருள் அயோடின். ஆயுள் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டி போதும். ஆனால் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கிடைக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிகம் தேவை. குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி கெடும்.

1956-ல் இமயமலை அடிவாரத்தில் உள்ள காங்க்ராவில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். சில பகுதிகளுக்கு அயோடின் உப்பு. ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு தின்ற பகுதிகளில் கழுத்துக் கழலை பாதியளவு குறைந்தது. மற்றப் பகுதியில் குறையவில்லை.

"நமக்குத்தான் தூத்துக்குடிக் கடல் உப்பு இருக்கிறதே!" என்பீர்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். கடல் உப்பில் இயற்கையாக உள்ள அயோடின் மிகச் சொற்பம். தனியாகச் சேர்த்தால்தான் உண்டு.

அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006 முதல் தடை. ஆனாலும் 2018-19 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 100 வீடுகளில் 62 வீட்டு உப்பில்தான் போதிய அயோடின் இருந்தது. இந்தியா முழுவதற்கும் 76. உப்பு விளைவிக்கும் நாட்டுக்கு இது அழகா?

தாய்மார்களே! மூட்டையில் அள்ளிப்போடும் உப்பு சமையலுக்கு வேண்டாம். பொட்டலத்தில் "அயோடின்" என்ற சொல் இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்து வாங்குங்கள். மூடி போட்ட பாத்திரத்தில் வையுங்கள்.

அதற்காக உப்பை அள்ளிப் போடாதீர்கள். இரத்தக் கொதிப்பு வரும். கவலை தீர என்று அயோடின் மருந்தை நீங்களாக வாங்கிச் சாப்பிடவும் கூடாது. அயோடின் மிஞ்சினாலும் சுரப்பி கெடும்.

படபடப்போ அசதியோ வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். ஓர் இரத்தப் பரிசோதனையில் உண்மை தெரிந்துவிடும்.

சோர்ந்து கிடக்கும் பெண்ணை "சோம்பேறி" என்று ஏசுவதற்கு முன், அவள் கழுத்தை ஒருமுறை டாக்டர் பார்க்கட்டும்!