நாற்பது ஆண்டு நகர்மன்றம்

சர் பிட்டி தியாகராயரை நீதிக்கட்சித் தலைவராக நினைவில் வைத்திருக்கும் நாம், அவருடைய மாநகராட்சிப் பணியை மறந்துவிட்டோம். 1882இல் சென்னை மாநகராட்சி மன்றத்துக்குள் நுழைந்தவர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கேயே உழைத்தார். 1920 சென்னை மாகாணத் தேர்தலில் நீதிக்கட்சி வென்றதும் முதலமைச்சர் பதவி தேடிவந்தது. அதை ஏற்க மறுத்தார்; சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார்.

அதே ஆண்டு, தியாகராயர் தலைமையிலான மாநகராட்சி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி. தலைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவு கூடாது. ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்கும் வழி அது. காமராசரின் மதிய உணவுத் திட்டத்துக்கும், 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கும் அதுவே முன்னோடி.

தெருவையும் பள்ளியையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய உறுப்பினருக்குத்தான் இத்தகைய தேவை கண்ணில் படும். அந்த அனுபவம் அதிகாரிகளின் இடமாற்றக் கோப்புகளில் சேராது. அப்படியிருக்க, 2016 முதல் 2022 வரை சென்னையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் அதிகாரிகள் கையில் விட்டுவைத்தோம். அது பெரும் அநீதி. உள்ளாட்சித் தேர்தலை இனி ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.